'அன்னைக்கே எழுதி வெச்சீங்களா?' - வடசென்னைக் கட்டுமானத் தளங்களில் நடக்கும் காகித யுத்தம்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டி வடக்கே போனால் எண்ணூர் விரைவுச் சாலை. பேர்தான் விரைவு. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளைக் கடந்து போவதற்குள் பொழுது போய்விடும். வலப்பக்கம் கடல், அலை ஊருக்குள் வராமலிருக்கக் கொட்டிய கருங்கற்கள். இடப்பக்கம் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று நெருக்கியடித்த வீடுகள். இந்தப் பக்கம் எப்போது போனாலும் ஏதாவதொரு இடத்தில் தகரத் தடுப்பு போட்டு, உள்ளே கிரேன் சுற்றிக்கொண்டிருக்கும். பாலம், குழாய், சாலை, மின் நிலையம்... ஏதோ ஒன்று.

தடுப்புக்கு உள்ளே ஒரு பழைய கன்டெய்னர் பெட்டியை ஆபீஸாக மாற்றியிருப்பார்கள். அதற்குள் ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஃபைல்களுக்கு நடுவே ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் கான்ட்ராக்டர் இல்லை, சைட் இன்ஜினீயரும் இல்லை. அவர்தான் கான்ட்ராக்ட் மேனேஜர். கம்பியும் கலவையும் அவர் கையில் படாது. ஆனால், அந்த வேலையில் கம்பெனிக்கு லாபமா நஷ்டமா என்பது பெரும்பாலும் அவர் எழுதும் கடிதங்களில்தான் இருக்கிறது.

வீடு கட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். 'மேஸ்திரி, இந்தச் சுவரைக் கொஞ்சம் தள்ளிக் கட்டிடுங்க', 'அப்படியே மேல ஒரு லாஃப்ட் போட்டுடுங்க' என்று வாயால் சொல்லியிருப்போம். அவரும் 'ஆகட்டும்மா' என்று கட்டியிருப்பார். கடைசியில் கணக்குப் பார்க்கும்போதுதான் சண்டை வரும். 'நான் சொன்னது அந்த ரேட்டுலயே சேர்த்துத்தானே' என்பார் வீட்டுக்காரர். 'அது எக்ஸ்ட்ராம்மா' என்பார் மேஸ்திரி. இதே சண்டை ஆயிரம் கோடி ரூபாய்ப் பணியில் வந்தால் என்ன ஆகும்? அந்த நாளுக்காகத்தான், வேலை தொடங்கிய முதல் நாளிலிருந்தே சம்பளம் கொடுத்து ஒருவரை உட்கார வைத்திருக்கிறார்கள்.

தடங்கல் நோட்டு

காலையில் சைட் இன்ஜினீயர் உள்ளே வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சார், பைலிங் பாயின்ட்ல தண்ணிக் குழாய் போகுது. டிராயிங்ல இல்ல. மெஷின் சும்மா நிக்குது."

"எப்பலேர்ந்துப்பா?"

"முந்தாநாள்லேர்ந்து சார்."

"லெட்டர் போட்டியா? ரெஜிஸ்டர்ல ஏத்தினியா?"

இன்ஜினீயர் தலையைச் சொறிவார். மண்ணைத் தோண்டுவதற்குத்தான் அவரைப் படிக்க வைத்திருக்கிறார்கள். கடிதம் போடுவதற்கு இல்லை.

அரசுப் பணிகள் நடக்கும் தளங்களில் 'ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர்' என்று ஒரு நோட்டு இருக்கும். தடங்கல் நோட்டு என்று சொல்லலாம். எந்தத் தேதியில் என்ன தடங்கல் வந்தது, எந்தத் தேதியில் நீங்கியது, அதனால் எத்தனை நாள் போயிற்று என்று அதில் பதிய வேண்டும். கான்ட்ராக்டர் தரப்பும், வேலையைக் கொடுத்த துறையின் பொறியாளரும் கையெழுத்துப் போட வேண்டும். பார்க்க மளிகைக் கடைப் பற்று நோட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால், இரண்டு வருடம் கழித்து 'ஏன் லேட்?' என்ற கேள்வி வரும்போது, அந்தத் தாமதம் யார் தலையில் விழும் என்பதைத் தீர்மானிப்பது இந்த நோட்டுதான்.

வடசென்னையில் இந்த நோட்டு சீக்கிரம் நிரம்பிவிடும். குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்வாரியக் கேபிள், துறைமுகத்திலிருந்து மணலி சுத்திகரிப்பு ஆலைக்குப் போகும் கச்சா எண்ணெய்க் குழாய் என்று பூமிக்குக் கீழேயும் ஒரு போக்குவரத்து ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே கோயில், மசூதி, தேவாலயம், ஐஸ் ஃபேக்டரி, வலை உலர்த்தும் இடம். இவற்றுக்கு நடுவே 'பணியிடத்தைத் தடையின்றி ஒப்படைக்கிறோம்' என்று ஒப்பந்தத்தில் எழுதுவது சுலபம்.

28 நாள் கணக்கு

தாமதத்துக்கு விலை உண்டு. உதாரணத்துக்கு, 100 கோடி ரூபாய் வேலை. ஒரு வாரம் தாமதமானால் அரை சதவிகிதம் பிடித்தம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், வாரத்துக்கு 50 லட்சம் ரூபாய் போகும். உச்சவரம்பு பத்து சதவிகிதம் என்றால் இருபதே வாரத்தில் 10 கோடி காலி. இதைத்தான் சைட்டில் 'எல்.டி.' என்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே பெரிய பெரிய புராஜெக்ட் மேனேஜர்களுக்கும் முகம் மாறும்.

தாமதம் நம்மால் இல்லை என்று நிரூபித்தால் பிடித்தம் கிடையாது. கூடுதல் காலமும் கிடைக்கும். ஆனால், அதைக் கேட்பதற்கும் கெடு உண்டு. வெளிநாட்டு நிதியில் நடக்கும் பெரிய பணிகளில் பெரும்பாலும் 'ஃபிடிக்' என்ற சர்வதேசப் பொறியாளர் அமைப்பு வகுத்த நிபந்தனைகளைப் பின்பற்றுவார்கள். 1957-ல் முதலில் வந்த அவர்களின் சிவப்புப் புத்தகம் இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு வேதம் மாதிரி. அதன் 1999 பதிப்பின்படி, தடங்கல் பற்றித் தெரியவந்த 28 நாள்களுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தவறினால் கூடுதல் காலமும் இல்லை, கூடுதல் பணமும் இல்லை. குழாய் குறுக்கே வந்தது உண்மை, மெஷின் நின்றது உண்மை, எல்லோரும் பார்த்ததும் உண்மை. ஆனாலும் 29-வது நாள் போட்ட கடிதத்தை 'லேட்' என்று தள்ளிவிட இடமிருக்கிறது.

இதில் நம் ஊருக்கென்று ஒரு திருப்பமும் உண்டு. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 28-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 'குறிப்பிட்ட காலம் தாண்டினால் உரிமையே போய்விடும்' என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது செல்லாது என்று 1997-ல் அதைத் திருத்தினார்கள். 28 நாள் நிபந்தனைக்கு எதிராக 28-வது பிரிவை நீட்டி வாதாடும் வழக்கறிஞர்கள் உண்டு. ஆனால், விவரமான மேனேஜர் யாரும் அந்த வாதத்தை நம்பி உட்கார மாட்டார். கடிதத்தை அன்றைக்கே அனுப்பிவிடுவார்.

மழைக்கும் இதே கணக்குதான். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் 'மழை பெய்தது, வேலை நின்றது' என்றால் பலிக்காது. 'தெரிந்துதானே தேதி கொடுத்தாய்' என்பார்கள். வழக்கத்துக்கு மீறிய மழை என்று காட்ட வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் அப்படிப்பட்டவை. மற்ற மழைக்கெல்லாம் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் வானிலை மையங்களின் பல வருடக் கணக்கை எடுத்து வைத்து ஒப்பிட வேண்டும். நுங்கம்பாக்கத்தில் வெயில் அடிக்கும்போது எண்ணூரில் கொட்டித் தீர்ப்பதும் உண்டு என்பதால், சைட்டிலேயே ஒரு மழைமானி வைத்து தினமும் குறித்துவைப்பவர் புத்திசாலி.

1881 நவம்பர் 12

இயற்கை அடித்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. மெட்ராஸ் துறைமுகத்துக்கு 1875 டிசம்பர் 15-ல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளரின் வடிவமைப்பில், கடலுக்குள் இரண்டு கரங்கள் நீட்டியதுபோல அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. வேலை ஏறக்குறைய முடிந்த நேரம். 1881 நவம்பர் 12-ம் தேதி ஒரு புயல் வந்தது. அரை மைல் நீளச் சுவர் போயிற்று. கற்களைத் தூக்கி வைத்த 'டைட்டன்' கிரேன்கள் இரண்டு கடலுக்குள் விழுந்தன. கட்டுமானத்துக்குப் போட்ட ஒன்றரை மைல் ரயில் பாதையும் அடித்துக்கொண்டு போனது. பிறகு அதை மறுபடி கட்டி முடிக்க 1890-கள் ஆகிவிட்டன.

கட்டி முடித்த பிறகு இன்னொன்று நடந்தது. கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்ற கடற்கரையானது. வடக்கே ராயபுரத்திலிருந்து கரையைக் கடல் அரிக்கத் தொடங்கியது. வீடு போயிற்று, தெரு போயிற்று, வலை காயவைத்த மணல் போயிற்று. இன்று அந்தச் சாலையோரம் கிடக்கும் கருங்கற்கள் அதற்குத்தான். புயலில் போன கிரேனுக்குக் கணக்கு இருந்தது. வடக்கே கரைந்த மீனவர் தெருக்கள் எந்த ஒப்பந்தத்திலும் வரவில்லை. அந்த மக்கள் எதிலும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.

ஆற்றில் நின்ற தூண்கள்

துறைமுகத்து லாரிகள் வடசென்னையை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது என்பதற்காக வந்ததுதான் துறைமுகம் - மதுரவாயல் பறக்கும் சாலைத் திட்டம். கூவம் கரையோரமாக 19 கிலோமீட்டர். மதிப்பீடு 1,655 கோடி ரூபாய். 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். தூண்கள் எழுந்தன. 2012 மார்ச்சில், ஆற்றுக்குள் தூண்கள் வருவதால் நீரோட்டம் பாதிக்கும் என்று சொல்லி மாநிலப் பொதுப்பணித் துறை வேலையை நிறுத்தச் சொன்னது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் நீதிமன்றம் போனது. 2014 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால், தீர்ப்பு வந்ததே தவிர வேலை நகரவில்லை.

கான்ட்ராக்ட் மேனேஜரின் நாற்காலியிலிருந்து இதைப் பாருங்கள். வேலையைக் கொடுத்தது மத்திய அரசின் ஆணையம். நிறுத்தியது மாநில அரசின் துறை. நடுவில் கிரேன் வாடகை ஓடுகிறது, வங்கி வட்டி ஓடுகிறது, ஆட்களுக்குச் சம்பளம் ஓடுகிறது. ஆட்களைக் கலைத்தால் மறுபடி சேர்க்க முடியாது. வைத்திருந்தால் தினமும் நஷ்டம். ஒவ்வொரு நாளும் எந்த மெஷின் சும்மா நின்றது, எத்தனை பேர் சும்மா இருந்தார்கள் என்று குறித்துக்கொண்டே இருப்பது மட்டும்தான் அவரால் முடிந்த வேலை.

கூவத்தில் அந்தத் தூண்கள் பத்தாண்டு மொட்டையாக நின்றதை சென்னைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். 2022 மே 26-ல் பிரதமர் மோடி, அதே வழித்தடத்தில் இரண்டடுக்குச் சாலையாக மாற்றியமைத்த திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார். புதிய மதிப்பீடு 5,800 கோடிக்கு மேல். வடிவமே வேறு என்பதால் பழைய தொகையோடு நேராக ஒப்பிட முடியாதுதான். இடைப்பட்ட வருடங்களில் எண்ணூர் சாலையில் லாரிக்குப் பின்னால் காத்திருந்த ஷேர் ஆட்டோக்காரர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இந்த விவரமெல்லாம் தேவைப்படவில்லை.

கம்பெனியே இல்லாமல் போனால்?

கடிதம் சரியாகப் போட்டும், நோட்டு ஒழுங்காக எழுதியும் பயனில்லாமல் போகும் சந்தர்ப்பமும் உண்டு. அதற்கு எண்ணூரிலேயே உதாரணம் இருக்கிறது.

1970-ல் முதல் யூனிட் ஓடத் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம், 2017 மார்ச்சோடு மூடப்பட்டது. அதன் விரிவாக்கமாக 660 மெகாவாட் யூனிட் ஒன்றைக் கட்ட, 2014-ல் லேங்கோ இன்ஃப்ராடெக் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்திருந்தது மின்வாரியம். 2017 ஆகஸ்ட்டில் அந்த நிறுவனம் திவால் நடைமுறைக்குள் போனது. அடுத்த வருடம் கலைப்பு உத்தரவே வந்துவிட்டது. பாதியில் நின்ற வேலை 2019-ல் பி.ஜி.ஆர். எனர்ஜி நிறுவனத்துக்குப் போனது. வங்கி உத்தரவாதம் தொடர்பான சிக்கலில் 2021-ல் அந்த ஒப்பந்தமும் ரத்தானது. 2022-ல் மறுபடி உயிர் பெற்றது. 2014-ல் தொடங்கிய கதை, பத்தாண்டு கடந்தும் ஒரு யூனிட் மின்சாரம் தரவில்லை.

வங்கி உத்தரவாதம் என்பது சும்மா ஒரு தாள் இல்லை. 'இவர் வேலையைச் செய்யாவிட்டால், நீங்கள் கேட்ட உடனே நாங்கள் பணம் தருகிறோம்' என்று வங்கி எழுதிக் கொடுக்கும் வாக்கு. நிபந்தனையில்லாத உத்தரவாதமாக இருந்தால், அதைப் பணமாக்குவதை நிறுத்தச் சொல்லி நீதிமன்றம் போனாலும், மோசடி அல்லது ஈடுகட்டவே முடியாத இழப்பு என்று காட்டினால் தவிர, நீதிமன்றங்கள் லேசில் தலையிடுவதில்லை. அதனால்தான் கான்ட்ராக்ட் மேனேஜர்கள் மகள் கல்யாணத் தேதியை மறந்தாலும் உத்தரவாதம் காலாவதியாகும் தேதியை மறக்க மாட்டார்கள் என்று கேலி செய்வதுண்டு.

பெரிய நிறுவனம் திவாலானால் வங்கிகளின் கடன் பற்றித்தான் செய்தி வரும். ஆனால், அந்தத் தளத்துக்கு ஜல்லி இறக்கியவர், தண்ணீர் லாரி ஓட்டியவர், ஜே.சி.பி. வாடகைக்கு விட்டவர், கேன்டீன் நடத்தியவர் எல்லோரும் சட்டத்தின் பார்வையில் 'செயல்பாட்டுக் கடன்தாரர்'கள். திவால் சட்டப்படி நிறுவனத்தைக் கலைத்துப் பணம் பிரிக்கும்போது, அடமானம் பிடித்து வைத்திருக்கும் வங்கிகளுக்கு வெகு பின்னால் அவர்கள் நிற்க வேண்டும். கடைசி ஆள் வரும்போது அண்டாவில் பெரும்பாலும் எதுவும் மிஞ்சியிருக்காது. இதைத் தெரிந்த சின்ன சப் கான்ட்ராக்டர்கள் பில்லை ஆறு மாதம் சேர்த்துப் போட மாட்டார்கள். மாதாமாதம் போட்டு வாங்கிவிடுவார்கள்.

நடுவர் முன்னால்

கடிதத்தில் தீராத சண்டை நடுவர் மன்றத்துக்குப் போகும். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு நடுவர், இருவரும் சேர்ந்து மூன்றாமவர் என்று உட்காருவார்கள். அங்கே மேசை மேல் வைக்கப்படுபவை இந்தப் பழைய நோட்டும் கடிதங்களும் போட்டோக்களும்தான். நீதிமன்றத்தைவிட சீக்கிரம் முடியும் என்பதற்காக வந்த ஏற்பாடு இது. ஆனாலும், சென்னை மெட்ரோவின் முதல் கட்டச் சுரங்கப் பணி தொடர்பான ஒரு தகராறில், நடுவர்களின் கட்டணத்தை ஒட்டி எழுந்த கேள்வியே தனியாக உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 அக்டோபரில்தான் முடிந்தது. மூல வழக்கு அதன்பிறகு தொடர வேண்டும்!

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டர் மெட்ரோ நீட்டிப்பு 2021 பிப்ரவரியில் திறந்தபோது, திருவொற்றியூர்வாசிகள் குடும்பத்தோடு ஏறி செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். ரயில் ஓடத் தொடங்கியதும் கட்டியவர்கள் கிளம்பிவிடுவார்கள் என்று நமக்குத் தோன்றும். கடைசி பில், கூடுதல் வேலைக்கான பணம், பராமரிப்புக் காலம் என்று கான்ட்ராக்ட் மேனேஜருக்கு இன்னும் சில வருட வேலை இருக்கும்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சிவில் படித்து, சைட்டில் நாலைந்து வருடம் வெயிலில் நின்றவர்கள். கிண்டி பொறியியல் கல்லூரி, சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் கட்டுமான மேலாண்மையில் முதுகலை இருக்கிறது. சிலர் பிறகு சட்டமும் படிக்கிறார்கள். நல்ல சம்பளம் உண்டு. ஆனால் முக்கியமான தகுதி வேறு. சைட்டில் எல்லோரோடும் டீ குடித்துச் சிரித்துப் பேசிவிட்டு, உள்ளே வந்து அதே ஆளுக்கு எதிராகக் கடிதம் எழுதத் தெரிய வேண்டும். மறுநாள் மறுபடி அவரோடு டீ குடிக்கவும் தெரிய வேண்டும்.

கையெழுத்துப் போடாதவர்கள்

2025 செப்டம்பர் 30. எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில், உயரத்தில் அமைத்துக்கொண்டிருந்த இரும்பு அமைப்பு சரிந்து விழுந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். அசாம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். முதல்வரும் பிரதமரும் நிவாரணம் அறிவித்தார்கள்.

ஒரு மின் நிலையத்தின் சொந்தக்காரர் மின்வாரியம். அதைக் கட்டுவது ஒரு பெரிய நிறுவனம். அதன் கீழே சப் கான்ட்ராக்டர்; அதன் கீழே ஆள் சப்ளை செய்பவர்; அதற்கும் கீழே தொழிலாளி. பெரிய தளங்களில் வழக்கமாக இருக்கும் படிக்கட்டு இது. மேல் படியில் எழுதிய நிபந்தனைகளை அப்படியே கீழ்ப் படிக்கும் எழுதி இறக்கிவிடுவார்கள். 'எங்களுக்கு எத்தனை நாள் கெடுவோ, உனக்கும் அத்தனை நாள். எங்களுக்குப் பணம் வந்தால் உனக்குப் பணம்.' ஒவ்வொரு படியிலும் ஒரு கான்ட்ராக்ட் மேனேஜர் தன் நிறுவனத்தின் தலைக்கு வரும் ஆபத்தை அடுத்த படிக்குத் தள்ளிவிடப் பார்ப்பார். அதுதான் அவர் வேலை. கடைசிப் படியில் நிற்பவருக்குத் தள்ளிவிட ஆளும் இல்லை, தாளும் இல்லை.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. சப் கான்ட்ராக்டர் கூலி கொடுக்காவிட்டால், அந்தக் கூலியைக் கொடுக்கும் பொறுப்பு முதன்மை நிறுவனத்துக்கு என்று 1970-ம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. விபத்து இழப்பீட்டை முதன்மை நிறுவனத்திடமே கேட்கலாம் என்பது 1923-ம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்காக 1996 சட்டத்தின்படி கட்டுமானச் செலவில் ஒரு சதவிகிதம் பிடித்துக் கட்டிவந்தார்கள். ஆனால் பெயர் பதிவாகியிருந்தால்தான் நல வாரியப் பணம் வீடு போய்ச் சேரும். உத்தரவு ஒன்று, கெடு தேதி ஒன்று, மேலே ஏறுகிறவரின் பெயர் ஒன்று என்று எல்லாமே காகிதத்தில் இருக்க வேண்டிய உலகத்தில், பெயரே எங்கும் ஏறாமல் வேலை செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பெரும்பாலான பெரிய தளங்களில் மாதம் ஒருமுறை பில்லோடு சப் கான்ட்ராக்டர் ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து வைப்பார். பி.எஃப். செலான், இ.எஸ்.ஐ. செலான், விபத்துக் காப்பீட்டு நகல், சம்பளப் பதிவேடு. பதிவேட்டில் பெயர், ஊர், வேலை செய்த நாள், கூலி. கடைசிக் கட்டத்தில் கையெழுத்து அல்லது கைநாட்டு. சைட்டில் இருநூறு பேர் நிற்கும்போது பதிவேட்டில் நூற்றிருபது பெயர்தான் இருக்கிறதே என்று எண்ணிப் பார்த்து, பில்லை நிறுத்தி வைத்து, சப் கான்ட்ராக்டரை எதிரே உட்கார வைக்கும் மேனேஜர்கள் உண்டு. 'இணைக்கப்பட்டுள்ளது' என்ற கட்டத்தில் ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்த ஃபைலை எடுப்பவர்களும் உண்டு.